தெருவில் பூனை, கயிற்றில் நாய்: கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்

திருநகர் வாசகர்: சிப்பிப்பாறை நாயைக் கயிற்றில் பிடித்துத்தான் நடந்தேன். பக்கத்து வீட்டுப் பூனை குறுக்கே ஓட, பாய்ந்து கவ்விவிட்டது. வைத்தியச் செலவை என்னிடம் கேட்கிறார்கள். நியாயமா?

கொடுத்துவிடுங்கள் சார். கயிறு இருந்தது சரி, எவ்வளவு நீளம் விட்டிருந்தீர்கள்? சிப்பிப்பாறை முயல் வேட்டைக்கென்றே வளர்த்த இனம். கண்ணெதிரே சின்னதாக ஒன்று ஓடினால் நம் குரல் அதன் காதில் ஏறாது. ஆனால் பாய்வதற்கு முன் உடம்பு விறைக்கும், வாய் மூடும், பார்வை ஓரிடத்தில் குத்தி நிற்கும். அந்த நொடியே நாயைத் திருப்பிக்கொண்டு எதிர்ப்பக்கம் நடக்க வேண்டும். போனைப் பார்த்துக்கொண்டு நடந்தால் இது கண்ணில் படாது. தெருவில் ஆறடிக்கு மேல் கயிறு வேண்டாம். இழுக்க இழுக்க நீளும் கயிறு வேண்டவே வேண்டாம். இந்த இனத்துக்குத் தலை ஒடுக்கம் என்பதால் சாதாரணக் கழுத்துப்பட்டை உருவிக்கொள்ளும், அதையும் கவனியுங்கள்.

அண்ணாநகர்: பூனைக்கும் ரேபிஸ் வருமா டாக்டர்?

வரும். கடித்தாலும், பிராண்டினாலும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசியைத் தொடங்குங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள்.

எல்லிஸ் நகர்: வாசலில் சோறு வைக்கிறேன், அவ்வளவுதான். பூனை என்னுடையது இல்லை. அடுத்த வீட்டு மாடியில் குட்டி போட்டால் நானா பொறுப்பு?

நீங்கள்தான் அம்மா. தினமும் சோறு வைப்பவரை நம்பித்தான் அது அந்தத் தெருவில் இருக்கிறது. பெண் பூனை நாலைந்து மாதத்திலேயே சினைப்படும், இரண்டு மாதத்தில் குட்டி போடும், பால் கொடுக்கும்போதே மறுபடி சினையாகும். சோறு வைக்கும் கை கருத்தடை ஆபரேஷனுக்கும் ரேபிஸ் ஊசிக்கும் கூட்டிப்போகட்டும். உங்களிடம் பழகியதால் கூடையில் பிடிப்பதும் உங்களுக்குத்தான் சுலபம்.

பூனையை வீட்டுக்குள் வைத்து வளருங்கள் என்று முன்பு நான் சொன்னதற்குப் பலர் கோபமாக எழுதியிருக்கிறீர்கள். “பூனையை அடைத்து வளர்ப்பது பாவம்” என்று ஒரு பக்கம், “அப்படியானால் என் நாயை மட்டும் ஏன் கட்ட வேண்டும்” என்று இன்னொரு பக்கம்.

நாய் வளர்ப்பவர்களின் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் நாய் மனிதரைக் கடித்துக் குதறும் பலம் உள்ளது. வளர்ப்பு விலங்கால் மனிதருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளாதவருக்கு, நம் நாட்டுக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 291-வது பிரிவில் 6 மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. அதற்காகப் பூனைக்காரர்கள் கைகழுவிவிட முடியாது. நம் ஊரில் மொட்டைமாடிகள் ஒட்டியே இருக்கின்றன. உங்கள் பூனை பக்கத்து வீட்டு வடகத்தை மிதித்தாலும், தொட்டி மண்ணில் போய்விட்டு வந்தாலும் அந்த வீட்டுக்காரர்தான் அள்ளுகிறார். பகல் முழுக்க அடைக்க மனமில்லையென்றால் பொழுது சாயும்போது வீட்டுக்குள் சோறு வையுங்கள். அந்நேரத்துக்குத் தானாக வரும். ராத்திரி கதவைச் சாத்துங்கள். மண் தட்டு ஒன்று வையுங்கள்.

விளாங்குடி: தொல்லை தாங்கவில்லை, விஷம் வைக்கலாமா?

கூடாது. அதே சட்டத்தில் 325-வது பிரிவு, 5 ஆண்டு வரை சிறை.

கே.கே.நகர்: பூனை பிராண்டினால் ஊசி அவசியமா?

மேலே சொல்லிவிட்டேன். சோப்பு, தண்ணீர், ஊசி.

திருநகர், பூனை வீட்டார்: நாய் கடித்த இடத்தில் சின்ன ஓட்டைதான், ஆனால் காய்ச்சலாக இருக்கிறது. பாராசிட்டமால் தரலாமா?

தரவே தராதீர்கள், பூனைக்கு அது விஷம். மேலே ஓட்டை சின்னதாக இருந்தாலும் உள்ளே சதை கிழிந்து சீழ் பிடித்திருக்கும். இன்றைக்கே மருத்துவரிடம் தூக்கிப் போங்கள்.