கணினி கேள்வி–பதில்: ஒரு கணினிக்கு எத்தனை ஆன்டிவைரஸ்?

அண்மையில் வந்த கடிதங்களில் பல, நச்சுநிரல்களைவிட ஆன்டிவைரஸ்களைப் பற்றியே அதிகம் குறைகூறுகின்றன. அவற்றுள் ஒன்றோடொன்று தொடர்புடைய சிலவற்றை இந்த இதழில் எடுத்துக்கொள்கிறேன். வாசகர்கள் தங்கள் குறைகளில் குறிப்பிட்டிருந்த நிறுவனப் பெயர்களை நீக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஜவுளிக் கடைக்காகப் புதிய மடிக்கணினி ஒன்று வாங்கினோம். அதிலேயே சோதனைக் காலத்துக்கான ஓர் ஆன்டிவைரஸ் இருந்தது. அது போதாது என்று விற்பனையாளர் சொன்னதால் இன்னொன்றையும் காசு கொடுத்து வாங்கி நிறுவினோம். அன்றிலிருந்து கணக்கு மென்பொருளைத் திறப்பதற்குள் பொறுமை போய்விடுகிறது. போதாக்குறைக்கு, ஒன்றின் கோப்பை மற்றொன்று நச்சுநிரல் என்று பிடித்து எச்சரிக்கை காட்டுகிறது. எதை நம்புவது? – கணக்கர் ஒருவர், ஈரோடு

பதில்: இரண்டில் ஒன்றை இன்றே நீக்கிவிடுங்கள். நீங்கள் விரும்பி வாங்கியது இருக்கட்டும்; சோதனைக் காலத்துக்காக ஒட்டிக்கொண்டு வந்தது போகட்டும். காரணம் தெரிந்தால் அடுத்த முறை விற்பனையாளரிடம் நீங்களே பேசிக்கொள்ளலாம் என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

திரையின் ஓரத்தில் தெரியும் சின்னம் ஆன்டிவைரஸின் வெளித்தோற்றம் மட்டுமே. அதன் முக்கியமான உறுப்பு, விண்டோஸின் உட்கருவான கெர்னலில், கோப்புகள் திறக்கும் வழியில் அமர்ந்திருக்கும் ஒரு வடிகட்டி டிரைவர், அதாவது கோரிக்கைகளை இடைமறித்துப் பார்க்கும் சிறு நிரல். நீங்கள் எந்தக் கோப்பைத் திறந்தாலும், அந்தக் கோரிக்கை வட்டைச் சென்றடைவதற்கு முன் இத்தகைய வடிகட்டிகளைக் கடந்தாக வேண்டும். எது மேலே, எது கீழே என்பதைத் தீர்மானிக்க மைக்ரோசாப்ட் ஒவ்வொரு வடிகட்டிக்கும் ஓர் உயர எண்ணை ஒதுக்குகிறது. ஆன்டிவைரஸ்களுக்கான வரம்பு 320000 முதல் 329998 வரை. ஓர் ஆன்டிவைரஸ் மட்டும் இருக்கும்போது கோரிக்கையை ஒரு கணம் நிறுத்தி, கோப்பைப் படித்துப் பார்த்து, அனுப்பிவிடுகிறது. இரண்டு இருந்தால், முதலாவது கோப்பைச் சோதிப்பதற்காகத் திறக்கும் அந்தச் செயலையே இரண்டாவது மறித்துச் சோதிக்கத் தொடங்குகிறது. இரண்டாவது திறப்பதை முதலாவது மறிக்கிறது. நேரம் நன்றாக இருந்தால் கணினி மெதுவாகும். இல்லாவிட்டால் ஒன்றின் பதிலுக்காக மற்றொன்று காத்திருந்து இரண்டும் அப்படியே நின்றுபோகும். கணக்கு மென்பொருள்கள் சிறு சிறு தரவுக் கோப்புகளை ஓயாமல் திறந்து எழுதி மூடுபவை என்பதால்தான் உங்கள் கணினியில் அடி முதலில் அங்கே விழுந்திருக்கிறது.

ஒன்றையொன்று நச்சுநிரல் என்று சொல்வதற்கும் காரணம் உண்டு. ஒவ்வோர் ஆன்டிவைரஸும் நச்சுநிரல்களின் அடையாளக் குறிகளைத் தன்னிடம் சேர்த்து வைத்திருக்கிறது. பிடிபட்ட கோப்புகளையும் தனியே அடைத்து வைத்திருக்கிறது. இவற்றைப் பொதுவாக மறைகுறியாக்கியே, அதாவது பிறர் படிக்க முடியாத வடிவில், வைப்பார்கள் என்றாலும், நினைவகத்தில் ஏற்றிப் பயன்படுத்தும்போது மற்றொன்றின் கண்ணில் பட்டுவிடக்கூடும். மேலும், பிற நிரல்களுக்குள் நுழைந்து கண்காணிப்பதும், தன்னை யாரும் நிறுத்திவிடாதபடி தற்காத்துக்கொள்வதும் நச்சுநிரல்களும் செய்யும் வேலைகளே. ஒரு உறையில் இரண்டு கத்தி இருக்காது என்பது இந்தத் துறைக்காகவே சொன்னதைப் போல இருக்கிறது.

உங்கள் கணினியில் உண்மையில் எத்தனை பேர் அமர்ந்திருக்கிறார்கள் என்பதை நீங்களே பார்க்கலாம். நிர்வாகி உரிமையுடன் கட்டளைச் சாளரத்தை (கமாண்ட் பிராம்ப்ட்) திறந்து, fltmc என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளைச் சேர்த்துத் தட்டி என்டர் அழுத்துங்கள். வரும் பட்டியலில் உயர எண்களைக் காட்டும் பத்தியில் 32 என்று தொடங்கும் ஆறிலக்க எண்களைக் கவனியுங்கள். அவற்றுக்கு எதிரே இரு வேறு நிறுவனங்களின் டிரைவர்கள் தெரிந்தால் சிக்கல் அங்கேதான்.

விண்டோஸே இதைத் தடுத்திருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். பாதியளவு தடுக்கிறது. விண்டோஸ் 8 முதல், இயங்குதளத்துடனேயே வரும் டிஃபெண்டர் ஒரு முழுமையான ஆன்டிவைரஸாகச் செயல்படுகிறது. வேறொரு நிறுவனத்தின் ஆன்டிவைரஸ், விண்டோஸின் பாதுகாப்பு மையத்தில் தன்னைப் பதிவு செய்துகொண்டால் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிவிடும். ஆனால் வெளியிலிருந்து வந்த இரண்டுக்குள் யார் ஒதுங்குவது என்பதை விண்டோஸ் தீர்மானிப்பதில்லை. கடையில் விண்டோஸ் சர்வர் பதிப்பு ஓடும் கணினி இருந்தால் இன்னும் கவனம் தேவை. அந்தப் பதிப்பில் டிஃபெண்டர் தானாக ஒதுங்காது, நிர்வாகிதான் அதை ஒதுக்க வேண்டும்.

கேள்வி: பழைய ஆன்டிவைரஸை நீக்கிவிட்டேன். புதியதை நிறுவும்போது, ‘கணினியில் வேறொரு பாதுகாப்பு மென்பொருள் உள்ளது’ என்று சொல்லி நின்றுவிடுகிறது. நிரல்களின் பட்டியலில் அப்படி எதுவும் இல்லை. இல்லாததை எப்படி நீக்குவது? – கல்லூரி ஆசிரியை ஒருவர், கும்பகோணம்

பதில்: பட்டியலில் இல்லையே தவிர, கணினியில் இருக்கிறது. தன்னை எவரும் எளிதில் அகற்றிவிடக்கூடாது என்பதற்காகவே வடிவமைக்கப்பட்ட மென்பொருள் அது. நச்சுநிரலுக்கு எதிராகப் போட்ட அந்தப் பூட்டு, உரிமையாளருக்கும் சேர்த்தே பூட்டிவிடுகிறது. வழக்கமான நீக்கத்தின்போது டிரைவர்களும், பின்னணிச் சேவைகளும், ரெஜிஸ்ட்ரி என்ற விண்டோஸின் அமைப்புப் பதிவேட்டில் உள்ள பதிவுகளும் சில சமயம் எஞ்சிவிடுகின்றன. புதிய மென்பொருளின் நிறுவி அந்த எச்சங்களைப் பார்த்துத்தான் தயங்குகிறது. அதன் தயக்கம் எரிச்சலூட்டினாலும் நியாயமானதே.

இதற்கென்றே நிறுவனங்கள் தனி நீக்கக் கருவிகளை இலவசமாகத் தருகின்றன. நார்ட்டன், மெக்காஃபி, அவாஸ்ட், காஸ்பர்ஸ்கி ஆகிய ஒவ்வொன்றுக்கும் அத்தகைய கருவி உண்டு. அதை அந்தந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்கிக்கொள்ளுங்கள். தேடுபொறியில் மேலே வரும் விளம்பர இணைப்புகளைத் தொடாதீர்கள், ஏனெனில் இந்தத் தேடலைச் செய்பவர் பதற்றத்தில் இருப்பார் என்பது மோசடிக்காரர்களுக்கும் தெரியும். இணைய இணைப்பைத் துண்டித்து, கணினியைப் பாதுகாப்பு முறையில், அதாவது சேஃப் மோடில் தொடங்கி, கருவியை இயக்குங்கள். அந்த முறையில் வெளி நிறுவனங்களின் டிரைவர்களும் சேவைகளும் பெரும்பாலும் ஏறுவதில்லை என்பதால் நீக்கம் தடையின்றி நடக்கும். பிறகு வழக்கம்போலத் தொடங்கி, முந்தைய பதிலில் சொன்ன பட்டியலை ஒருமுறை பார்த்துவிட்டுப் புதியதை நிறுவுங்கள். உரிம எண்ணை முதலிலேயே தாளில் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: டிஃபெண்டருடன் மால்வேர்பைட்ஸையும் வைத்துக்கொள்ளலாமா? – மாணவர் ஒருவர், மதுரை

பதில்: வைத்துக்கொள்ளலாம். மால்வேர்பைட்ஸும் நச்சுநிரல்களைத் தேடி நீக்கும் மென்பொருள்தான். அதன் இலவசப் பதிப்பு, நீங்கள் சொல்லும்போது மட்டும் கணினியைத் துழாவிப் பார்க்கும். எப்போதும் காவல் இருக்காது. ஆகவே மோதலுக்கு இடமில்லை. கட்டணப் பதிப்பு நிரந்தரக் காவல் இருக்கும் வகை. அதிலும் விண்டோஸ் பாதுகாப்பு மையத்தில் பதிவு செய்துகொள்ளாதிருக்க ஓர் அமைப்பு உண்டு. அதைத் தேர்ந்தெடுத்தால் டிஃபெண்டர் ஒதுங்காமல் உடன் இயங்கும்.

கேள்வி: வங்கித் தளத்தைத் திறந்தால், ‘இந்த இணைப்பு பாதுகாப்பானது அல்ல’ என்று உலாவி தடுக்கிறது. மனைவியின் கணினியில் அதே தளம் ஒழுங்காகத் திறக்கிறது. வங்கியைக் கேட்டால் கணினியைப் பாருங்கள் என்கிறார்கள். கணினி பழுதுபார்ப்பவரைக் கேட்டால் வங்கியைக் கேளுங்கள் என்கிறார். – ஓய்வுபெற்ற அரசு ஊழியர், திருநெல்வேலி

பதில்: முதலில் கணினியின் தேதியும் நேரமும் சரியா என்று பாருங்கள். அது சரியாக இருந்தால், என் ஐயம் ஆன்டிவைரஸின் மீதுதான் செல்கிறது.

வங்கித் தளத்துக்கும் உங்கள் உலாவிக்கும் இடையே செல்லும் தகவல் மறைகுறியாக்கப்பட்டது. அதை இடையில் எவரும் படிக்க முடியாது. ஆன்டிவைரஸாலும் முடியாது. தளம் உண்மையானதுதான் என்பதை உலாவி அதன் சான்றிதழைக் கொண்டு அறிகிறது; அந்தச் சான்றிதழில் கையெழுத்திட்டவரை நம்பலாம் என்று காட்டுவது மூலச் சான்றிதழ். எனவே சில ஆன்டிவைரஸ்கள் தமக்கென ஒரு மூலச் சான்றிதழை உங்கள் கணினியில் பதித்துக்கொண்டு, வங்கியின் சான்றிதழுக்குப் பதிலாகத் தாம் கையெழுத்திட்ட சான்றிதழை உலாவியிடம் நீட்டுகின்றன. உலாவி அந்த மூலச் சான்றிதழை நம்பாவிட்டால், அல்லது இதே வேலையைச் செய்யும் இரண்டாவது மென்பொருள் ஒன்று குறுக்கே இருந்தால், நீங்கள் பார்த்த எச்சரிக்கை வரும். 2019-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஃபயர்பாக்ஸ் உலாவியின் 65-ஆம் பதிப்பு வெளிவந்தபோது, அவாஸ்ட், ஏவிஜி ஆகியவற்றின் இந்த வடிகட்டலால் பலருக்குத் தளங்களே திறக்காமல் போயின. ஃபயர்பாக்ஸைத் தயாரிக்கும் மொஸில்லா, விண்டோஸில் அந்த உலாவியின் தானியங்கிப் புதுப்பித்தலை நிறுத்தி வைத்தது. அதன்பின் அந்த ஆன்டிவைரஸ்களில் ஃபயர்பாக்ஸுக்கான வடிகட்டல் நிறுத்தப்பட்டது.

முகவரிப் பட்டையில் உள்ள குறியைச் சொடுக்கிச் சான்றிதழைத் திறந்து, வழங்கியவர் என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்று படியுங்கள். உங்கள் ஆன்டிவைரஸின் பெயர் இருந்தால், அதன் அமைப்புகளில் மறைகுறியாக்கப்பட்ட இணைப்புகளைச் சோதிக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். அறிமுகமில்லாத பெயர் இருந்தால் அந்தக் கணினியில் வங்கிப் பக்கமே போகாதீர்கள். எந்த நிலையிலும் ‘பரவாயில்லை, தொடர்க’ என்ற பொத்தானை அழுத்தாதீர்கள்.

கேள்வி: இந்த நிறுவனங்கள் வேண்டுமென்றேதான் ஒன்றையொன்று முடக்குகின்றனவா? – வாசகர் ஒருவர், கோவை

பதில்: போட்டி உண்மை, திட்டமிட்ட சதி என்று சொல்வதற்கு இடம் குறைவு. ஒரு நிறுவனத்தின் மென்பொருள் மற்றொன்றைப் பதம் பார்த்த நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவை வெறும் கவனக்குறைவு. 2011 செப்டம்பர் 30 அன்று மைக்ரோசாப்டின் ஆன்டிவைரஸ், கூகுள் குரோம் உலாவியை வங்கித் திருட்டு நச்சுநிரல் என்று கருதி அகற்றியபோது அது போட்டியாளரை ஒழிக்கும் முயற்சி என்று பலர் கேலி செய்தார்கள். ஆனால் 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபியின் ஒரு புதுப்பிப்பு, விண்டோஸ் எக்ஸ்பியின் இன்றியமையாத எஸ்விசிஹோஸ்ட் என்ற கோப்பையே நச்சுநிரலாகப் பிடித்துக் கணினிகளை மீண்டும் மீண்டும் அணைந்து தொடங்க வைத்தது. 2012 செப்டம்பரில் சோஃபோஸ் என்ற ஆன்டிவைரஸ் தன் சொந்தப் புதுப்பிப்பு நிரலையே நச்சுநிரல் என்று அறிவித்தது. தன்னையே பிடித்துக்கொள்ளும் மென்பொருள் பிறரைப் பிடிப்பதில் வியப்பில்லை.

உண்மையான சண்டை ஆன்டிவைரஸ் நிறுவனங்களுக்கும் மைக்ரோசாப்டுக்கும் இடையில் நடப்பது. கெர்னலை வெளியார் திருத்தாதபடி 64 பிட் விண்டோஸில் மைக்ரோசாப்ட் தடுப்புப் போட்டதை எதிர்த்து, 2006-இல் மெக்காஃபி ஒரு நாளிதழில் முழுப்பக்க விளம்பரமே கொடுத்தது. விண்டோஸ் 10-க்கு மாறும்போது தங்கள் மென்பொருள் முடக்கப்பட்டு டிஃபெண்டர் முன்னிறுத்தப்படுவதாகக் காஸ்பர்ஸ்கி 2016-இல் ரஷ்யப் போட்டி ஆணையத்திடமும், அடுத்த ஆண்டு ஐரோப்பிய ஆணையத்திடமும் முறையிட்டது. மைக்ரோசாப்ட் சில மாற்றங்களுக்கு இணங்கியபின் 2017 ஆகஸ்டில் அந்த முறையீடுகள் கைவிடப்பட்டன. இதில் இரு தரப்புக்கும் நியாயம் உண்டு என்றாலும் என் மனம் கெர்னலைப் பூட்டச் சொல்பவர்கள் பக்கமே சாய்கிறது. 2018 ஜனவரியில், கணினியின் பிராசஸரில் கண்டறியப்பட்ட மெல்ட்டவுன் என்ற பாதுகாப்புக் குறைபாட்டுக்கான திருத்தத்தை மைக்ரோசாப்ட் வெளியிட்டபோது, சில ஆன்டிவைரஸ்கள் கெர்னல் நினைவகத்தை முறையற்ற வகையில் அணுகுவதால் கணினி செயலிழந்து நீலத் திரையில் விழும் நிலை இருந்தது. எனவே ‘நான் இந்தத் திருத்தத்துக்கு இசைவானவன்’ என்று ஆன்டிவைரஸ் ரெஜிஸ்ட்ரியில் எழுதி வைத்தால்தான் திருத்தம் வரும் என்றாயிற்று. பாதுகாப்பு மென்பொருளின் காரணமாகப் பாதுகாப்புத் திருத்தம் தாமதமான விந்தை அது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்தின் ஒரு பிழையான புதுப்பிப்பால், மைக்ரோசாப்டின் மதிப்பீட்டின்படி, சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. அதன்பின், பாதுகாப்பு மென்பொருள்களைக் கெர்னலுக்கு வெளியே இயங்கச் செய்யும் முயற்சியை அந்த ஆண்டு நவம்பரில் மைக்ரோசாப்ட் அறிவித்தது.

இடையில் ஒரு செய்தி: நார்ட்டன், அவாஸ்ட், ஏவிஜி, அவீரா ஆகிய நான்கும் இன்று ஜென் டிஜிட்டல் என்ற ஒரே நிறுவனத்துக்குச் சொந்தம். ஒன்றின் மீது கோபித்துக்கொண்டு மற்றொன்றை வாங்கும் அன்பர்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

கேள்வி: அப்படியானால் டிஃபெண்டர் மட்டும் போதுமா? – இல்லத்தரசி ஒருவர், சேலம்

பதில்: வீட்டில் மின்னஞ்சல், பணப்பரிமாற்றம், பிள்ளைகளின் படிப்பு என்ற அளவில் கணினியைப் பயன்படுத்துபவருக்குப் போதும், விண்டோஸ் புதுப்பிப்புகளைத் தள்ளிப்போடாமல் இருந்தால். ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் ஆகிய ஆய்வகங்கள் காலந்தோறும் வெளியிடும் சோதனை முடிவுகளில் டிஃபெண்டரும் இடம்பெறுகிறது. ஐயமிருந்தால் அவற்றைப் பார்க்கலாம். சென்னையின் கே7, புணேயின் குயிக் ஹீல் போன்ற நம் நாட்டு நிறுவனங்களின் மென்பொருளை விரும்பி வாங்குவதானாலும் தவறில்லை. எதுவானாலும் நிரந்தரக் காவலுக்கு ஒன்று மட்டும் இருக்கட்டும். ஏற்கெனவே காசு கட்டிய வேறொன்றை நீக்குகிறீர்கள் என்றால், மென்பொருளை நீக்குவதால் சந்தா நின்றுவிடாது. அந்த நிறுவனத்தின் தளத்தில் உங்கள் கணக்கில் நுழைந்து தானியங்கிப் புதுப்பித்தலை அணைத்துவிடுங்கள். கார்டு மூலம் தொடர் கட்டணம் பிடிக்கப்படுவதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே வங்கி தகவல் அனுப்ப வேண்டும் என்பது 2021 அக்டோபர் முதல் கட்டாயமாக நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கியின் விதி; அந்தத் தகவல் வரும்போது கட்டணத்தை மறுக்கும் வழியும் அதனுடன் தரப்பட்டிருக்கும்.