ஆளாமல் இருந்திருந்தால் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அலுவலகத்தில் பன்னிரண்டு வருடம் என் பக்கத்து மேஜையில் இருந்தவர் போன வருடம் எங்கள் பிரிவுக்குத் தலைவரானார். அவர் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பேசிப் பேசி அவரை முன்னால் நிறுத்தியதே நாங்கள்தான். இன்று அவர் வேறு ஆள். கூடவே இருக்கும் இரண்டு பேர் சொல்வது மட்டும்தான் அவர் காதில் விழுகிறது. தவறு என்று தெரிந்தும் கூட்டத்தில் நாங்கள் யாரும் வாய் திறப்பதில்லை. 'அதிகாரம் மனிதனைக் கெடுக்கும்' என்று ரோமானிய அறிஞர்கள் சொன்னதாக வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. உண்மையா? அவர் கெட்டுப்போனாரா, இல்லை நாங்கள்தான் ஆளைத் தப்பாக எடை போட்டோமா? பெயர் வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்த வாக்கியம் ரோமானியர்களுடையது அல்ல. ஆக்டன் பிரபு என்ற ஆங்கிலேய வரலாற்றாசிரியர் 1887இல் ஒரு கடிதத்தில் எழுதியதைத்தான் இப்படிச் சுருக்கிவிட்டார்கள். ரோமில் இதே கேள்வியோடு வாழ்நாளெல்லாம் மல்லுக்கட்டியவர் வரலாற்றாசிரியர் டாசிட்டஸ். அவர் சொல்வது இன்னும் சங்கடமானது.

நீரோ இறந்தபின் கி.பி. 68இல் கால்பா பேரரசரானார். எழுபதைத் தாண்டியவர், பழைய குடும்பம், ஸ்பெயினில் எட்டு வருடம் ஆளுநர். அவரைப் பற்றி டாசிட்டஸ் 'வரலாறுகள்' நூலில் எழுதியிருக்கும் ஒரு பத்தியை நான் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். கால்பாவிடம் நல்ல குணங்கள் இருந்தன என்பதைவிடக் கெட்ட குணங்கள் இல்லை என்பதே சரி என்கிறார். அடுத்தவன் பணத்துக்கு ஆசைப்படமாட்டார், சொந்தப் பணத்தில் சிக்கனம், பொதுப்பணத்திலோ கருமி. புகழை அலட்சியம் செய்ததும் இல்லை, கூவி விற்றதும் இல்லை. நண்பர்கள் நல்லவர்களாக அமைந்தால் விட்டுக்கொடுத்துப் போவார். கெட்டவர்களாக அமைந்துவிட்டால், அவர்கள் செய்வது எதுவும் தெரியாமலே இருப்பார், அதுவே குற்றமாகும் அளவுக்கு. உங்கள் கடிதத்தில் அந்த 'இரண்டு பேர்' வந்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது இந்த இடம்தான்.

அப்புறம் அந்தப் பத்தியின் கடைசி வரி. லத்தீனில் அது 'நிசி இம்பெராஸெட்' என்று முடிகிறது. பாராட்டு முழுவதையும் சொல்லி முடித்துவிட்டு, இந்த இரண்டே சொற்களில் எல்லாவற்றையும் திரும்பப் பிடுங்கிக்கொள்கிறார். தமிழில் 'இருந்தால்' என்பது வழக்கமாக முதலில் வந்துவிடும், அப்போது அந்த அடி விழுவதில்லை. அதனால் திருப்பித்தான் போட வேண்டியிருக்கிறது: 'ஆளத் தகுந்தவர் என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்லியிருப்பார்கள், அவர் ஆளாமல் இருந்திருந்தால்.'

இதில் 'எல்லோரும்' என்ற சொல்லைப் பாருங்கள். கால்பா கெட்டுப்போனார் என்று டாசிட்டஸ் சொல்லவில்லை. கால்பா கடைசிவரை அதே கால்பாதான். அவர் பெயரில் வாக்களிக்கப்பட்ட பரிசுப்பணத்தை மெய்க்காவல் படை கேட்டபோது, 'நான் வீரர்களைத் தேர்ந்தெடுப்பவன், விலைக்கு வாங்குபவன் அல்ல' என்றார். ஸ்பெயினில் இருந்தவரை நேர்மை என்று பேர் வாங்கித் தந்த அதே குணம். கொஞ்சம் தாராளம் காட்டியிருந்தால்கூடப் படை அவர் பக்கம் நின்றிருக்கும் என்று டாசிட்டஸே எழுதுகிறார். 69 ஜனவரி 15 அன்று அந்தப் படை கட்சி மாறிக்கொண்டது. ரோமின் பொதுச் சதுக்கத்தில் கூட்டம் அவரை அங்கும் இங்குமாகத் தள்ளிக்கொண்டு போகிறது. கூச்சலும் இல்லை, அமைதியும் இல்லை, பெரும் பயத்திலும் பெரும் கோபத்திலும் வருகிற மௌனம் என்கிறார். சுமந்தவர்கள் பதறியதில் கிழவர் பல்லக்கிலிருந்து தரையில் விழுந்து உருள்கிறார். அங்கேயே வெட்டிப்போட்டார்கள். ஆண்டது ஏழே மாதம்.

ஆக, உங்கள் நண்பர் மாறாமலே இருந்திருக்கலாம். பக்கத்து மேஜையில் அவருக்கு நீங்கள் நான்கைந்து பேர் இருந்தீர்கள், யார் பேச்சைக் கேட்டாலும் பெரிய கேடு இல்லை. இப்போது அப்படி இல்லை.

சரி, எல்லோருமே இப்படித்தானா? இல்லை. அதே வருடக் கடைசியில் பதவிக்கு வந்த வெஸ்பாசியனைப் பற்றி, அதற்கு முன்பு அவரைக் குறித்து இரண்டு விதமான பேச்சு இருந்தது என்று சொல்லிவிட்டு, அதுவரை வந்த பேரரசர்களில் அவர் ஒருவர்தான் மாறி நல்லவரானார் என்று டாசிட்டஸ் எழுதுகிறார். ஆப்பிரிக்காவில் ஆளுநராக இருந்தபோது ஜனங்கள் அவர்மேல் டர்னிப் கிழங்கை வீசினார்கள். கையில் காசில்லாமல் கோவேறு கழுதை வியாபாரத்தில் இறங்கி, அதனால் பட்டப்பெயரும் வாங்கியவர். பேரரசரான பிறகு அவர் வம்சத்தை ஹெர்குலிஸின் தோழன் வரைக்கும் கொண்டுபோய் ஒட்ட வைக்கப் பார்த்தவர்களைச் சிரித்தே அனுப்பிவிட்டார் என்கிறார் பேரரசர்களின் வாழ்க்கை வரலாறு எழுதிய சூட்டோனியஸ். பத்து வருடம் ஆண்டு, நோயில் இயல்பாக இறந்தார். அவரை முன்கூட்டி யாரும் சரியாகக் கணித்திருக்க முடியாது. கால்பாவைப் போலவேதான்.

அதனால் நீங்கள் எடை போட்டது தப்பு என்று வருந்த வேண்டாம். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது வேறு ஒரு வரி: 'நாங்கள் யாரும் வாய் திறப்பதில்லை.' டாசிட்டஸ், வெஸ்பாசியனின் மகன் டொமிஷியனின் பதினைந்து வருட ஆட்சியில் பதவிகள் வகித்தவர், செனட் உறுப்பினர். அந்தக் கொடுமைகளைப் பிற்பாடு எழுதும்போது அவர் பேரரசரை மட்டும் குற்றம் சொல்லி நிறுத்திக்கொள்ளவில்லை. சக செனட் உறுப்பினரான ஹெல்விடியஸைச் சிறைக்கு இழுத்துப் போனவை நம் கைகள்தான் என்று எழுதினார். மௌனமாக இருப்பதுபோல் மறப்பதும் நம் வசத்தில் இருந்திருந்தால், குரலோடு சேர்த்து நினைவையும் இழந்திருப்போம் என்றார்.

இந்த இரண்டும் 'அக்ரிகோலா'வில் இருக்கின்றன, ஒன்று தொடக்கத்தில், இன்னொன்று முடியும் இடத்தில். சின்ன நூல், ஒரே மாலையில் படித்துவிடலாம். அடுத்த கூட்டத்துக்கு முன்னால் படித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்