செத்தவர்கள் எழும்பி வரும் கதைகள்

அன்புள்ள அண்ணா,

அண்ணன்மார் சேர்த்து வைத்திருந்த பழைய தமிழ் லயன் காமிக்ஸ் வாசித்து வளர்ந்தவன் நான். கம்பஸ் காலத்தில் மார்வெல், டிசி என்று அமெரிக்கக் கம்பனிகளின் காமிக்ஸை இறக்கி விடிய விடிய வாசித்தேன். இப்போது ஒன்றைத் திறந்தால் பத்துப் பக்கம் தாண்ட முடிவதில்லை. செத்தவன் திரும்பி வருகிறான். இடிந்த நகரம் அடுத்த மாதம் புதிதாக நிற்கிறது. இடிந்த வீடுகளுக்குள் வளர்ந்தபடியால்தான் எனக்கு இது ஒட்டவில்லையோ? இல்லை, வயசு போய்விட்டதா?

ஒரு வாசகர், கோண்டாவில்

அன்புள்ள தம்பி,

வயசு போகவில்லை. போரின் தலையிலும் இதைக் கட்டிவிடாதீர்கள். எதற்கெடுத்தாலும் அதையே காரணம் காட்டி எங்களுக்குப் பழகிவிட்டது. ஷெல் சத்தமே கேட்டறியாத அமெரிக்க வாசகர்களும் இதே குறையைத்தான் நெடுங்காலமாகச் சொல்கிறார்கள்.

சங்கதி உரிமையில் இருக்கிறது. ஜெரி சீகலும் ஜோ ஷஸ்டரும் 1938இல் தாங்கள் உருவாக்கிய சுப்பர்மானை 130 டொலருக்கு எழுதிக் கொடுத்தார்கள். அன்றோடு அவன் கம்பனியின் சொத்து. சொத்தை யாராவது சாகவிடுவார்களா? 1992இல் கொன்றார்கள், அடுத்த வருடமே எழுப்பினார்கள். கரண்ட் இல்லாத யாழ்ப்பாணத்தில் இருந்த எனக்கு அவன் செத்ததும் எழும்பியதும் ஒன்றாகத்தான் தெரியவந்தன. அழ நேரம் கிடைக்கவில்லை.

முன்பு இப்படி இருக்கவில்லை. 1973இல் வந்த ஸ்பைடர்மான் 121ஆம் இதழைத் தேடிப் பாருங்கள். வில்லன் கிரீன் கொப்ளின், ஸ்பைடர்மானின் காதலி க்வென் ஸ்டேசியைப் பாலத்திலிருந்து தள்ளிவிடுகிறான். வலை பாய்ந்து அவள் காலைப் பிடிக்கிறது. அந்தக் கட்டத்தில், அவள் கழுத்தடியில், கண்ணில் படாத அளவு சின்னதாக 'ஸ்னாப்' என்று முறியும் ஒரு சத்தம். ஸ்பைடர்மானாகிய பீற்றர் அவளை மேலே இழுக்கிறான், காப்பாற்றிவிட்டேன் என்று பெருமையும் அடிக்கிறான். அவள் உயிரோடு இல்லை. விழுந்து செத்தாளா, பிடித்ததால் செத்தாளா என்று வாசகர்கள் கேட்டுத் துளைத்து, வலை பிடித்த உதறலில்தான் என்று ஆசிரியர் தரப்பே கடிதப் பக்கத்தில் விளக்கம் எழுத வேண்டி வந்தது.

அதே பீற்றருக்கு 1987இல் கலியாணம். 2007இல், அவனை வளர்த்த மே பெரியம்மாவின் உயிருக்காகச் சாத்தான் ஒருவனோடு பேரம் பேசி, அந்தக் கலியாணமே நடக்கவில்லை என்று ஆக்கினார்கள். மனைவி இருந்தால் நாயகன் கிழடாகத் தெரிவானாம்! உங்களுக்கு வயது ஏறுகிறது, அவனுக்கு ஏற விடமாட்டார்கள். இவ்வளவுதான் பிணக்கு.

இடிந்த நகரம் பற்றிக் கேட்டீர்கள். அது அவர்களுக்கும் தெரியும். நாயகர்கள் அடிபட்டு முடிந்த பிறகு கல்லும் மண்ணும் அள்ளுவதற்கென்றே ஒரு கம்பனி, அதை வைத்து 1989இல் 'டமேஜ் கொன்ட்ரோல்' என்று மார்வெல் நகைச்சுவைத் தொடர் ஒன்று போட்டது. இழப்பீட்டுப் படிவம் நிரப்பிய கை உங்களுடையது என்றால் கட்டாயம் சிரிப்பீர்கள்.

இன்னொன்று. உங்கள் அண்ணன்மாரின் லயன் காமிக்ஸில் வந்த ஸ்பைடரை நினைவிருக்கிறதா? ஸ்பைடர்மான் இல்லை, இவன் வேறு ஆள். கூர்க்காது, கறுப்பு உடுப்பு, வலைத் துப்பாக்கி, வாய் நிறையத் தற்பெருமை. 1960களில் அது இங்கிலாந்தில் வந்தபோது பல கதைகளை எழுதியவர் அதே ஜெரி சீகல். தன் சுப்பர்மானைப் பறிகொடுத்த மனிதர், கள்ளர்களின் அரசனாக முயன்ற ஒருவனுக்குக் கதை எழுதிக்கொண்டிருந்தார். 1975இல்தான் வருடத்துக்கு 20,000 டொலர் என்று ஒரு கொடுப்பனவும், சுப்பர்மானில் சீகல், ஷஸ்டர் என்ற பெயர்களும் திரும்பக் கிடைத்தன. அதுவும் பத்திரிகைகளில் நாறிய பிறகு.

ஆகவே நாயகனின் பெயரைப் பார்த்து வாங்குவதை விடுங்கள். எழுதியவர், வரைந்தவர் யார் என்று பாருங்கள், முடிவுள்ள கதையாகத் தேடுங்கள். அலன் மூரும் டேவ் கிப்பன்ஸும் செய்த 'வாட்ச்மென்' 1987இல் பன்னிரண்டாம் இதழோடு முடிந்தது. முடிந்தது என்றுதான் நினைத்தோம். 2012இல் டிசி கம்பனி அதற்கும் முன்கதைகள் போட்டது. நான் வாங்கவில்லை. அந்தப் பன்னிரண்டும் ஒரே புத்தகமாக என்னிடம் உண்டு. வந்து எடுத்துக்கொண்டு போகலாம். இரவல்தான், சொல்லிவிட்டேன்.