கொல்லையில் நிற்கப்போகும் வீடு: கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நான் கலிபோர்னியாவில், பிரெஸ்னோவில் வேலை பார்க்கிறேன். சம்பளத்தில் பாதி வாடகைக்கே போகிறது. நாமக்கல் பக்கத்துக்காரரான அருண் பிரபு ஆட்டோவின் மேல் 36 சதுர அடியில் கட்டிய வீட்டின் படங்களைப் பார்த்ததிலிருந்து சக்கரத்தின் மேல் ஒரு டைனி ஹவுஸ், அதாவது குட்டி வீடு, கட்ட ஆசை. 24 அடி டிரெய்லருக்கு விலை கேட்டுவிட்டேன், முன்பணம் கட்டவேண்டியதுதான் பாக்கி. மேலே பரணில் படுக்கை, கீழே சமையலறை, கழிப்பறை என்று வரைந்திருக்கிறேன். நண்பர் தன் வீட்டுக் கொல்லையில் நிறுத்திக்கொள்ளச் சொல்கிறார். அலுத்தால் வேறு ஊருக்கு இழுத்துக்கொண்டு போய்விடலாம் இல்லையா? அம்மா ஊரிலிருந்து வந்தால் ஆறு மாதம் கூட இருப்பார். என் பயமெல்லாம், பொருள்களைக் குறைத்துக்கொண்டு வாழ எப்படிப் பழகுவது என்பதுதான்.

கா., பிரெஸ்னோ

அன்புள்ள தம்பி,

அந்தப் பயத்தை விட்டுவிடுங்கள். வைக்க இடம் இல்லாவிட்டால் பொருள் தானாகக் குறையும். நானும் ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்தில் இப்படி ஒரு வீட்டில்தான் இருக்கிறேன். எனக்கு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் துணியையும் புத்தகத்தையும் எங்கே வைப்பது என்றுதான் கேட்கிறார்கள். கழிவுநீர் எங்கே போகும், சமையல் ஆவி எங்கே போகும் என்று கேட்பவர்கள் குறைவு. ஆனால் அந்த வீட்டில் இருக்க முடியுமா முடியாதா என்பதை முடிவு செய்வது இந்த இரண்டும்தான்.

முதலில் சக்கரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஊர் சுற்றுவதற்காக இந்த வீடுகளுக்குச் சக்கரம் வரவில்லை. 1999-இல் ஜே ஷேஃபர் என்பவர் ஐயோவா மாநிலத்தில் தன் முதல் சின்ன வீட்டைக் கட்டியபோது, அவ்வளவு சிறிய வீட்டை அங்கே கட்டட விதி ஏற்கவில்லை. டிரெய்லரின் மேல் கட்டினால் அது வண்டிக் கணக்கில் சேரும். அமெரிக்காவில் இந்த வீடுகளுக்குச் சக்கரம் நிலைத்தது பெரும்பாலும் இந்தக் காரணத்தால்தான். உங்கள் அளவு வீடு 10,000 பவுண்டைச் சுலபமாகத் தாண்டும். இழுக்கப் பெரிய பிக்கப் வண்டி வேண்டும். போய்ச் சேரும் ஊரிலும் நிறுத்த அனுமதி, மின்சாரம், கழிவுநீர் இணைப்பு எல்லாவற்றையும் புதிதாகத் தேட வேண்டும். அலுத்தால் கிளம்பிவிடலாம் என்ற நினைப்பில் கட்டாதீர்கள். பல வருஷம் ஒரே கொல்லையில் நிற்கப்போகும் வீடு என்று நினைத்து வரையுங்கள்.

ஊர் விஷயத்தில் நீங்கள் அதிர்ஷ்டசாலி. சக்கர வீட்டைக் கொல்லைப்புறக் குடியிருப்பாக 2016-லேயே ஏற்றுக்கொண்ட நகரம் பிரெஸ்னோ. அமெரிக்காவில் அதுதான் முதல் என்பார்கள். எங்கள் போர்ட்லாந்தில் 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனாலும் நண்பர் சொன்னது மட்டும் போதாது. நகரத் திட்ட அலுவலகத்தில் அவர் வீட்டு விலாசத்தைக் கொடுத்து, அந்த மனையில் நிறுத்தலாமா, எல்லையிலிருந்து எத்தனை அடி தள்ளி, கழிவுநீர் இணைப்பு எப்படி என்று கேளுங்கள். டிரெய்லருக்கு முன்பணம் கட்டுவதெல்லாம் அதற்கு அப்புறம்.

இனி உங்கள் வரைபடம். சிறப்பு அனுமதி இல்லாமல் சாலையில் போக அகலம் 8.5 அடிக்குள் இருக்க வேண்டும். உயரம் பல மாநிலங்களில் 13.5 அடி, கலிபோர்னியாவில் 14 அடி. சுவரும் அதற்குள் வைக்கும் வெப்பக் காப்புப் பொருளும் போக உள்ளே அகலம் சுமார் ஏழரை அடிதான் மிஞ்சும். உயரத்திலும் டிரெய்லர் தளத்துக்கே இரண்டடி போய்விடும். அதனால் கீழே நின்று சமைக்க இடம் விட்டால் பரணில் உட்காரத்தான் முடியும், நிமிர்ந்து நிற்க முடியாது. உங்களுக்கு அது பரவாயில்லை. அம்மா ராத்திரி எழுந்து அந்த ஏணியில் இறங்குவதை யோசித்தீர்களா? பிரெஸ்னோ வெயிலில் வீட்டின் சூடெல்லாம் மேலேதான் போய்ச் சேரும். படுக்கையைக் கீழே கொண்டுவாருங்கள், பரணில் பெட்டிகளை வையுங்கள். கீழ்ப்படுக்கைக்கு இடம் இல்லை என்று சொல்லாதீர்கள், கண்டுபிடிக்க வேண்டும். ஆறு மாதம் அம்மா தங்க முடியாத வீட்டைக் கட்டி என்ன செய்யப்போகிறீர்கள்?

கழிப்பறையும் அப்படித்தான். இங்கே டைனி ஹவுஸ்காரர்கள் பலரும் பரிந்துரைப்பது சிறுநீரைத் தனியாகப் பிரிக்கும் உலர் கழிப்பறை. காகிதம் பயன்படுத்துகிறவர்களை மனதில் வைத்துச் செய்த பொருள் அது. கழிவு உலர்ந்திருந்தால்தான் நாற்றம் வராது. நாம் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறவர்கள். ஒவ்வொரு தடவையும் அந்தத் தண்ணீர் உள்ளே போனால் உலர் கழிப்பறையின் அடிப்படையே கெட்டுவிடும். இதை அமெரிக்கர்களின் வீடியோக்களில் யாரும் சொல்லி நான் பார்த்ததில்லை. அதனால் சாதாரண ஃபிளஷ் கழிப்பறை வைத்துச் சாக்கடையோடு இணைப்பதுதான் நமக்குச் சரி. நண்பர் வீட்டுச் சாக்கடைக் குழாயைத் திறந்து சுத்தம் செய்யும் மூடி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். குழாய்க்கு அடிக்குக் கால் அங்குலம் சரிவு வேண்டும். வீடு இரண்டடி உயரத்தில் நிற்பது இங்கே உதவியாக இருக்கும். கழிப்பறை அந்த மூடியின் பக்கமாக வரும்படி வீட்டைத் திருப்பி நிறுத்துங்கள்.

அப்புறம் ஆவி. நான்கு பேருக்குச் சாதம் வடித்து, சாம்பாரைக் கொதிக்கவிட்டு, கடுகும் மிளகாயும் தாளித்தால் 170 சதுர அடியில் அது போக இடமே இல்லை. மேலே போய்ப் பரணில் தங்கும். கேஸ் அடுப்பு இன்னும் கூடுதல் தொல்லை: ஒரு பவுண்டு புரொப்பேன் எரிந்தால் ஒன்றரைப் பவுண்டுக்கு மேல் நீராவி வெளிவரும். பிரெஸ்னோ இருக்கும் பள்ளத்தாக்கில் டிசம்பர், ஜனவரியில் மூடுபனி நாள்கணக்கில் கிடக்குமே, அப்போது குளிர்ந்த சுவரிலும் மெத்தையின் அடியிலும் இந்த ஈரம் நீராகப் படியும். பூஞ்சைக்கு அது போதும். இண்டக்ஷன் அடுப்பு வையுங்கள். அதன் மேலே புகையை வெளிச்சுவர் வழியாகத் தள்ளும் விசிறி வேண்டும். வடிகட்டி வீட்டுக்குள்ளேயே திருப்பிவிடும் வகை எண்ணெய்ப்பிசுக்கைக் கொஞ்சம் பிடிக்கும், நீராவியைப் பிடிக்காது. மெத்தையைப் பலகை மேல் நேராகப் போடாமல் அடியில் காற்றுப் போகும் சட்டத்தில் போடுங்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் செலவைக் குறைக்காதீர்கள்.

எடையைப் பற்றிச் சுருக்கமாக: ஒவ்வொன்றும் 7,000 பவுண்டு தாங்கும் சக்கர அச்சு இரண்டு போட்ட டிரெய்லர் தாங்குவது 14,000 பவுண்டு. அதில் டிரெய்லரின் சொந்த எடையும் அடக்கம். மொத்தத்தில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் இழுக்கும் கொக்கியின் மேல் இறங்க வேண்டும். பின்பக்கம் கனத்தால் சாலையில் வால் ஆடும். ஒரு தடவைதான் இழுக்கப்போகிறோம் என்றாலும் இது முக்கியம். கிரானைட் சமையல் மேடையை மறந்துவிடுங்கள்.

அருண் பிரபுவின் ஆட்டோ வீட்டை நானும் ரசித்துப் பார்த்தேன். 36 சதுர அடிக்குள் எவ்வளவு செய்ய முடியும் என்று காட்டிய வேலை அது. அதன் சாமர்த்தியத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அளவை வேண்டாம். டீ வில்லியம்ஸ் என்பவர் 2004-இல் 84 சதுர அடியில் ஒரு வீடு கட்டி, வாஷிங்டன் மாநிலத்து ஒலிம்பியாவில் குடியேறினார். அந்த வீட்டில் குளியலறை கிடையாது. நண்பர்களின் கொல்லையில் நிறுத்தி, அவர்களோடு ஒரு குடும்பம்போல் இருந்ததால்தான் அது நடந்தது. ஆக, உங்கள் நண்பரோடும் அவர் மனைவியோடும் உட்கார்ந்து பேசுங்கள். தண்ணீர்க் கட்டணம், துணி துவைப்பது, அம்மா பகலில் உட்கார ஒரு நிழல், அவர்கள் வீட்டை விற்றால் என்ன செய்வது, எல்லாவற்றையும் பேசி எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

படுக்கையைக் கீழே இறக்கியபின் புது வரைபடத்தை அனுப்புங்கள். அடுப்புக்கும் வெளிச்சுவருக்கும் இடையே எத்தனை அடி என்பதையும், சாக்கடை மூடி எந்தப் பக்கம் என்பதையும் அதில் குறியுங்கள்.

அன்புடன்,
அக்கா