அம்மா எழுதாத அழகான சொல்

கேள்வி: அம்மா இறந்து பத்து மாதமாகிறது. முப்பது வருடங்களாக யாருக்கும் காட்டாமல் ஒன்பது நோட்டு நிறையக் கவிதை எழுதி வைத்திருக்கிறார். முதலாண்டு நினைவு நாளுக்குள் புத்தகமாகக் கொண்டுவர வேண்டும் என்று நான்தான் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன். கையெழுத்து புரியாத இடங்களில் நானே அழகான சொல்லாகப் போட்டுவிடுகிறேன். அப்பாவைக் கோபித்து எழுதிய நான்கு கவிதைகளை விட்டுவிடு, அவர் மனம் நோகும் என்கிறார் அண்ணன். தட்டச்சு முடிந்ததும் நோட்டுகளும் வேண்டாம் என்கிறார். அம்மாவுக்கு இது நல்ல அஞ்சலியாக இருக்குமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அஞ்சலியைப் பற்றி அப்புறம் பேசலாம். போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: ‘நானே அழகான சொல்லாகப் போட்டுவிடுகிறேன்.’ யாரைக் கேட்டுப் போட்டீர்கள்? அழகாக இருக்க வேண்டும் என்றுதான் உங்கள் அம்மா எழுதினார் என்று யார் சொன்னது? முப்பது வருடம் யாருடைய பாராட்டையும் எதிர்பார்க்காமல் எழுதியவர் ஒரு கரடுமுரடான சொல்லை வைத்திருந்தால், அதுதான் வேண்டும் என்று வைத்திருப்பார். அதை எடுத்துவிட்டு நிலவையும் தென்றலையும் வைத்தால் அந்த வரி உங்களுடையது. அதற்கு அவர் பெயரைப் போடாதீர்கள். இதோடு அண்ணன் சொல்கிறபடி நோட்டும் போய்விட்டால், எது அம்மாவின் சொல், எது மகளின் சொல் என்று இனி யாராலும் பிரிக்க முடியாது. அம்மா பேசியதை அழிப்பதற்குப் பிள்ளைகளுக்கு எந்த உரிமையும் கிடையாது.

தட்டச்சை இன்றே நிறுத்துங்கள். முதலில் நோட்டுகளைப் பத்திரப்படுத்த வேண்டும். ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் மெல்லிய பென்சிலால் எண் போடுங்கள். இடையில் துண்டுச் சீட்டு ஏதாவது இருந்தால், எந்தப் பக்கத்தில் இருந்தது என்று குறித்துக்கொண்டு அங்கேயே வையுங்கள். கவிதையின் காலத்தைக் கண்டுபிடிக்கச் சில நேரம் அது ஒன்றுதான் துணை. பிறகு அட்டை முதல் அட்டை வரை, வெற்றுப் பக்கங்களையும் சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள். 400 டிபிஐ (அங்குலத்துக்கு 400 புள்ளி) போதும், ஆனால் கட்டாயம் வண்ணத்தில். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் நீல மையும் பென்சிலும் சிவப்புத் திருத்தமும் ஒரே கறுப்பாகிவிடும். எது முதலில் எழுதியது, எது பிறகு மாற்றியது என்பதை அந்த நிறங்களை வைத்துத்தான் ஊகிக்க முடியும். முதுகு விரியாத நோட்டை ஸ்கேனர் கண்ணாடியில் அழுத்தினால் தையல் விட்டுப்போகும். அதை மேலிருந்து கேமராவில் எடுங்கள். கோப்புக்கு ‘நோட்டு 03 பக்கம் 017’ என்று பெயர் வையுங்கள். சுழியம் இல்லாவிட்டால் வரிசை குலையும். மூன்று பிரதிகள் வேண்டும், அதில் ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும்.

கிழிந்த தாளுக்கு செல்லோடேப் ஒட்டாதீர்கள். அதன் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும். லேமினேஷன் அதைவிட மோசம், சூட்டில் ஒட்டியதைப் பிரிக்கவே முடியாது. துருப்பிடிக்கும் பின்களையும் ரப்பர் பேண்டையும் எடுத்துவிட்டு, நோட்டுகளை ஈரமும் வெயிலும் படாத அலமாரியில் அட்டைப் பெட்டிக்குள் வையுங்கள்.

இனி, புரியாத சொற்கள். ஊகிப்பதற்கு முன் ஓர் எழுத்துப் பட்டியல் தயார் செய்யுங்கள். தெளிவாகத் தெரிகிற சொற்களிலிருந்து அம்மாவின் ஒவ்வொரு எழுத்தையும் நான்கைந்து இடங்களில் வெட்டி எடுத்து வரிசையாக ஒட்டுங்கள். வேகமாக எழுதும்போது காலும் ‘ர’வும் ஒன்றுபோல இருக்கும், புள்ளி காணாமல் போகும், ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் குழம்பும். 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும் முன் பள்ளிக்குப் போனவர் என்றால் இன்னொன்றும் உண்டு: ணை, லை, ளை, னை ஆகியவை துதிக்கை போன்ற பழைய வளைவோடு இருக்கும், ணா, றா, னா ஆகியவற்றில் கால் தனியாக நிற்காமல் எழுத்தோடு சுழித்து ஒட்டியிருக்கும். அப்போது மாறியவை பதின்மூன்று எழுத்துகள். ‘புரியவில்லை’ என்று நீங்கள் தள்ளியவற்றில் சில இந்தப் பதின்மூன்றுக்குள்ளேயே இருக்கலாம்.

அப்படியும் பிடிபடாத சொல்லை [உலை?] என்று அடைப்புக்குறியில் போடுங்கள். ஊகமே இல்லையென்றால் [ஒரு சொல் தெளிவில்லை] என்று விடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அம்மா அடித்துவிட்ட சொற்களையும் தட்டச்சுப் பிரதியில் கோடிட்டபடியே வைத்திருங்கள். பேச்சு வழக்கை எழுத்து வழக்காக ‘திருத்த’ வேண்டாம். மெய்ப்புப் பார்க்க இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் நோட்டைப் பார்த்து நிறுத்தற்குறி உட்பட உரக்கப் படிக்க, மற்றவர் அச்சுப் பிரதியைத் தொடர வேண்டும். தனியாகப் பார்த்தால், ஏற்கெனவே மாற்றிய சொல்லை உங்கள் கண் சரி என்றே படிக்கும்.

இதெல்லாம் இரண்டு மாதத்தில் ஒன்பது நோட்டுக்கு நடக்காது. நினைவு நாளுக்கு ஒரே ஒரு பாரம் (ஒரே தாளில் அச்சிட்டு மடிக்கும் பக்கங்கள்) அச்சிடுங்கள், 16 பக்கம். முதல் பக்கம் தலைப்பு, கடைசிப் பக்கத்தில் அம்மாவைப் பற்றிய குறிப்பு. நடுவில் ஏழு விரிப்புகள் கிடைக்கும்: இடப்பக்கம் அம்மாவின் கையெழுத்துப் படம், வலப்பக்கம் அச்செழுத்து. பக்க அகலத்துக்குள் அடங்காத வரி மடிந்து வந்தால், மடிந்த பகுதியை உள்ளே தள்ளி வையுங்கள். இல்லையென்றால் அது புது வரியாகிக் கவிதை வேறாகிவிடும். ஒரு பிரதி அச்சிட்டுப் பார்த்த பிறகே மற்றவற்றுக்குச் சொல்லுங்கள். முழுத் தொகுப்பு இரண்டு வருடம் கழித்து வரட்டும். அதற்கு அண்ணனின் சம்மதத்தையும் மற்ற வாரிசுகளின் சம்மதத்தையும் எழுத்தில் வாங்குங்கள். எழுத்தின் உரிமை உங்கள் ஒருவருக்கு மட்டும் வந்திருக்காது.

அந்த நான்கு கவிதைகளை அச்சில் சேர்க்காமல் விடலாம். அழிக்கக் கூடாது. சேர்ப்பதா, விடுவதா என்பதை அண்ணன் முடிவு செய்யவும் கூடாது. அப்பா உயிரோடு இருக்கிறார், ஆனால் அவரிடம் கேட்டதாக உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. அவர் மனம் நோகும் என்று அவருக்குப் பதிலாக நீங்கள் இருவரும் பேசிக்கொள்கிறீர்கள். அந்தக் கையெழுத்தோடு அதிக காலம் வாழ்ந்தவர் அவர். நோட்டுகளை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். முதலில் உங்களுக்குப் புரியாத சொற்களைக் காட்டுங்கள், படித்துச் சொல்லட்டும். அந்த நான்கு பக்கங்களைப் பிறகு அவர் கையிலேயே கொடுங்கள்.