அப்பாவின் 'டிடர்மைன்'

அன்புள்ள ஐயா,

சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். போன வாரம் வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு நடந்த கூட்டத்தில் 'டிடர்மைன்' என்று சொல்லிவிட்டேன். மேலாளர் 'டிடர்மின்' என்று திருத்திவிட்டுச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். என் அப்பா ஊரில் ஆங்கில ஆசிரியராக இருந்தவர். அவர் தப்பும் தவறுமாகக் கற்றுக்கொடுத்ததை இப்போது நான் அனுபவிக்கிறேன். ஸ்கூலை 'இஸ்கூல்' என்று சொல்லும் சக ஊழியருக்கு நான் தேவலாம் என்பது ஒன்றே ஆறுதல். உச்சரிப்பு வகுப்பில் சேரலாம் என்றிருக்கிறேன். பிரிட்டிஷ் உச்சரிப்பைக் கற்பதா, அமெரிக்க உச்சரிப்பையா?

ம.

அன்புள்ள ம.,

இரண்டு நாட்களாக ஓர் ஆங்கிலச் சொல் என்னைக் குடைந்துகொண்டிருந்தது. சரியாக அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது.

பிரிட்டிஷா, அமெரிக்கனா என்பதை முதலில் ஒதுக்கிவிடுகிறேன். பிரிட்டிஷ் உச்சரிப்பு என்று ஒன்றே ஒன்று எங்கே இருக்கிறது? 'கார்' என்ற சொல்லின் கடைசி ரகரத்தை லண்டன்காரர் விழுங்குவார், கிளாஸ்கோக்காரர் விடமாட்டார். உங்கள் வாடிக்கையாளர்கள் எந்த ஊரோ, அந்த ஊர்ப் பேச்சைக் காதுகொடுத்துக் கேளுங்கள், போதும்.

'இஸ்கூல்' விஷயத்தில் உங்களைத் திட்டத்தான் வேண்டும். சிரிப்புக்கு ஆளான கையோடு, சிரிப்பதற்கு உங்களுக்கும் ஒருவரைத் தேடிக்கொண்டீர்கள். ஸ்பானியர்கள் பள்ளிக்கூடத்தை 'எஸ்குவேலா' என்றுதான் சொல்கிறார்கள். ராமனுக்கு முன் இகரத்தையும் ரோமத்துக்கு முன் உகரத்தையும் துணைக்கு வைக்க வழி சொன்னது நம் நன்னூல். பவணந்தி முனிவரையும் கூட்டத்தில் நிறுத்திச் சிரிப்பீர்களா?

எனக்கு வலித்தது அப்பாவைப் பற்றிய வரி. 'மைன்', 'லைன்', 'ஃபைன்' என்று வரிசையாகப் பார்த்துவந்த மனிதர், அதே எழுத்துகளில் முடியும் இன்னொரு சொல்லைக் கண்டபோது அதே வழியில் போனார். கேட்டுத் தெரிந்துகொள்ள ஊரில் யாரும் இல்லை. அவர் போட்ட கணக்கு சரி, ஏமாற்றியது எழுத்து.

இப்படிக் கண்ணால் கண்டதை வாயால் சொல்வது ஆங்கிலேயருக்கும் வழக்கம்தான். 'ஃபால்ட்' என்ற சொல்லைப் பாருங்கள். பொருள் பிழை. பிரெஞ்சிலிருந்து வந்தபோது அதில் 'எல்' கிடையாது. லத்தீன் மோகம் பிடித்த பண்டிதர்கள், மூலச்சொல்லில் இருந்ததே என்று பின்னால் அதைச் செருகினார்கள். செருகல் எழுத்தோடு நின்றது, வாய் பழையபடியே பேசியது. 1755இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதிகூட, பேச்சில் அந்த எழுத்து பெரும்பாலும் ஒலிப்பதில்லை என்றுதான் சொல்கிறது. இன்றோ 'எல்' இல்லாமல் சொன்னால் பிழை! பிழைக்கான சொல்லிலேயே ஒரு பிழை குடியேறிப் பட்டாவும் வாங்கிவிட்டது. எழுத்தாளரைக் குறிக்கும் 'ஆதர்' என்பதில் முன்பு ஒலித்தது வெறும் 'டி'. யாரோ ஒரு 'எச்' சேர்த்து எழுதப்போய் ஒலியே மாறிவிட்டது. நெற்றியைக் குறிக்கும் 'ஃபோர்ஹெட்' ஒரு காலத்தில் 'ஃபாரிட்'. 'அடிக்கடி' என்று பொருள்படும் 'ஆஃபன்' என்பதில் எப்போதோ உதிர்ந்த 'டி' பல இங்கிலாந்துக்காரர்களின் வாயில் திரும்பி வந்திருக்கிறது. உங்கள் அப்பா செய்ததும் இதே காரியம்தான். அவர்கள் செய்தால் அதற்கு மொழி மாற்றம் என்று பெயர்.

இதே பண்டிதர்கள் கடனைக் குறிக்கும் 'டெட்' என்ற சொல்லிலும் ஒரு 'பி'யைச் செருகினார்கள். அது மட்டும் இன்றுவரை வாய் திறக்கவில்லை. அந்தச் சொல்லோடு எனக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. 1981இல் வேலையில் சேர்ந்த இரண்டாம் வாரம், ஓர் அதிகாரி வராக்கடன் அறிக்கையை உரக்கப் படிக்கச் சொன்னார். 'டெப்ட்' என்றேன். ஊர் நூலகத்தில் ஆங்கிலம் படித்தவன் நான். அந்தச் சொல்லை எவர் வாயிலும் கேட்டதில்லை. அவர் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை" என்றார். சொன்னேன். பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டு, "இப்போது சொல்லுங்கள் தம்பி" என்றார். எது தவறு என்று தெரிந்தால்தானே திருத்திக்கொள்வதற்கு? பட்டியலில் 16 பெயர்கள். ஒவ்வொரு பெயரோடும் அந்தச் சொல் வந்தது. 16 தடவையும் 'பி'யை அழுத்தமாகவே சொல்லி முடித்தேன்.

மாலையில், தபால் பிரிவில் ஓய்வுபெறும் வயதில் இருந்த பெரியவர் ஒருவர் டீ வாங்கிக் கொடுத்தார். கண்ணாடித் தம்ளரை உள்ளங்கைகளுக்குள் உருட்டிக்கொண்டே, "அந்த 'பி' சும்மா உட்கார்ந்திருக்கிறது தம்பி. அதை எழுப்பக் கூடாது" என்றார்.

வகுப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள் அல்லவா? பணம் இருந்தால் சேருங்கள். கூட்டத்தில் 'டிடர்மின்' என்றே சொல்லுங்கள், வழக்கு அதுதான். ஊருக்குப் போகும்போது அப்பாவைத் திருத்தக் கிளம்பிவிடாதீர்கள். எனக்கு இந்த வயதிலும், தனியாக உட்கார்ந்து படிக்கையில், அந்த 'பி' கேட்கத்தான் செய்கிறது.