இந்த வாரக் கடிதங்கள்: ரெசிடென்சி எது, எது இல்லை

சுங்கை சிப்பூட் பக்கத்திலிருந்தே இந்த வாரம் பாதிக் கடிதங்கள். கைரோபிராக்டிக் என்பது முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் சரிசெய்யும் சிகிச்சை; அந்தப் பட்டம் முடித்த பிறகு மூத்தவர் மேற்பார்வையில் எடுக்கும் பயிற்சிதான் ரெசிடென்சி. நேராகப் பதிலுக்குப் போகிறேன்.

கேள்வி: பள்ளியிறுதித் தேர்வு எஸ்பிஎம் முடித்துவிட்டேன். விளையாட்டுக் காய ரெசிடென்சியில் நேரடியாகச் சேரலாமா ஐயா?

முடியாது தம்பி, போன முறையும் இதையேதான் எழுதினேன். முதலில் பட்டத்துக்கு முந்தைய பவுண்டேஷன் படிப்பு, அப்புறம் கைரோபிராக்டிக் பட்டம். அது கோலாலம்பூர் புக்கிட் ஜாலிலில் உள்ள ஐஎம்யு பல்கலைக்கழகத்தில் 4 வருஷம். பிறகு மலேசியாவின் 2016 சட்டப்படி பாரம்பரிய, நிரப்பு மருத்துவ மன்றத்தில் பதிவு. ரெசிடென்சி அதற்கும் பிறகு.

கேள்வி: வெளிநாட்டில் எங்கே இருக்கிறது?

டொராண்டோவில் கனடியன் மெமோரியல் கைரோபிராக்டிக் கல்லூரியில் விளையாட்டுத் துறைக்கென்றே உண்டு. அமெரிக்க முன்னாள் படைவீரர் துறை 2014இல் 5 மையங்களில் ஓராண்டு ரெசிடென்சி தொடங்கியது, அங்கே விளையாட்டைவிட முதுகும் மூட்டும்தான் அதிகம். இடங்கள் குறைவு. உங்கள் பட்டத்தை அந்த நாட்டில் ஏற்பார்களா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

கேள்வி: ஹோட்டலில் இரண்டு நாள் பயிற்சி முடித்தேன் அண்ணா. ‘ஸ்போர்ட்ஸ் ரெசிடென்சி’ என்று பலகையில் போடலாமா?

போடாதீர்கள். அமெரிக்காவில் விளையாட்டுக் காயங்களைப் பார்க்கும் கைரோபிராக்டர்களுக்கான சிசிஎஸ்பி சான்றிதழுக்கே சுமார் 100 மணி நேரப் படிப்பு வேண்டும், அதையே யாரும் ரெசிடென்சி என்பதில்லை. நானும் பட்டம் முடித்த புதிதில் இப்படி ஒன்றுக்குப் போனேன். இரண்டு நாளும் ஒருவர் முட்டியை ஒருவர் அமுக்கிப் பார்த்தோம், எல்லாம் நல்ல முட்டிகள், ஞாயிறு தேநீரோடு சான்றிதழ் வந்தது. திங்கட்கிழமை செம்பனை வெட்டும் ஓர் அண்ணன் வந்தார், நாள் முழுக்க அண்ணாந்தே நிற்கிற வேலை, கழுத்து இறுகிப்போச்சு என்றார். நான் கழுத்தைத் திருப்பத் தயாராகிவிட்டேன். அவர் சட்டைப் பொத்தானைக் கழற்ற விரல் தடுமாறியதை நான் கவனிக்கவில்லை, அறைக்குள் எட்டிப்பார்த்த என் சீனியர் கவனித்தார். “கையை எடு” என்றார். நடக்கச் சொன்னார், காலும் விறைப்பாக இருந்தது. ஈப்போ மருத்துவமனைக்கு அனுப்பினோம், ஸ்கேனில் கழுத்தில் தண்டுவடம் நசுங்கியிருந்தது. நான் திருப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். அந்த மாதிரி ஒருவர் வருஷம் முழுக்கப் பக்கத்தில் நின்று உங்கள் கையைத் தடுப்பதும் விடுவதும்தான் ரெசிடென்சி. முதலில் பரிசோதனை, அப்புறம்தான் கை.

கேள்வி: சிலம்பப் பயிற்சியில் மகனுக்குக் கணுக்கால் பிசகியது. உருவலாமா?

வேண்டாம் அக்கா. கணுக்கால் எலும்பு இருபுறமும் புடைத்திருக்கிறதே, அதன் பின் விளிம்பை அழுத்தினால் வலிக்கிறதா? 4 அடி நடக்க முடியவில்லையா? இரண்டில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே எடுங்கள். முதலில் பரிசோதனை.

கேள்வி: முதுகு வலிக்கிறது, என்ன செய்வது?

வயது இல்லை, வேலை இல்லை, எத்தனை நாளாக என்றும் இல்லை. இப்படி எழுதினால் நான் எதை வைத்துச் சொல்வது? கால் பலம் குறைந்தாலோ, தொடை இடுக்கு மரத்தாலோ, சிறுநீர் கழிக்கத் தடுமாறினாலோ பதிலுக்குக் காத்திருக்காமல் இன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள். அதெல்லாம் இல்லையென்றால் விவரமாக இன்னொரு கடிதம் எழுதுங்கள்.